ரோட்டா கிளப்: சில மாதங்களே நடந்த சபை

கேள்வி: 1659-60இல் லண்டனில் சில மாதங்களே நடந்து கலைந்துபோன ‘ரோட்டா’ கிளப்பை வரலாற்றாசிரியர்கள் இன்றும் விடாமல் பேசுகிறார்கள். காப்பிக் கடையில் கனவான்கள் கூடி அடித்த அரட்டைக்கு இவ்வளவு மரியாதை எதற்கு?

பதில்: அது அரட்டை அன்று. இங்கிலாந்தில் மன்னராட்சி வீழ்ந்து, மன்னர் இல்லாதிருந்த காலம் அது. 1659 அக்டோபரில் ராணுவம் நாடாளுமன்றத்தை விரட்டியது. டிசம்பரில் அதே நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. அடுத்து யார் ஆள்வார் என்றே தெரியாத அந்த நாட்களில், எப்படி ஆளப்பட வேண்டும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, வெஸ்ட்மின்ஸ்டரில் மைல்ஸ் என்பவருடைய காப்பிக் கடையில் மாலைதோறும் கூடியவர்களை அரட்டைக்காரர்கள் என்று ஒதுக்குவது நியாயமாகாது.

கிளப்பின் உயிர் ஜேம்ஸ் ஹாரிங்டன். சிறைப்பட்டிருந்த முதலாம் சார்லஸ் மன்னருக்கு அணுக்கமாகப் பணிசெய்தவர், ஆனாலும் குடியரசுவாதி. ஆண்டுதோறும் சபையின் மூன்றில் ஒரு பங்கினர் விலகிப் புதியவர்கள் வர வேண்டும், எல்லாத் தேர்வும் மறைவாக்கால், அதாவது ரகசிய வாக்கெடுப்பால், நடக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. மைல்ஸ் உள்ளே நின்று காப்பி கொடுப்பதற்காக நடுவில் வழிவிட்டுச் செய்யப்பட்ட நீள்வட்ட மேசையைச் சுற்றி அவருடைய சீடர்களும் எதிர்ப்பாளர்களும் அமர்ந்தார்கள். அறை நிரம்பி வழிந்தது என்று அங்கே போய்வந்த ஜான் ஆப்ரே எழுதிவைத்திருக்கிறார். அப்போது இளம் எழுத்தராக இருந்த சாமுவேல் பெப்பீஸ் 18 பென்ஸ் கட்டி உறுப்பினரானார்.

1660 ஜனவரியில் ஒரு மாலை நடந்ததைப் பெப்பீஸின் நாட்குறிப்பு சொல்கிறது. பழைய ரோமாபுரியின் ஆட்சி நிலையானதா, இல்லையா என்பது விவாதம். நிலையற்றது என்பது ஹாரிங்டனின் வாதம். குரல் வாக்கெடுப்பில் அவர் பக்கமே வென்றது. அதே கேள்வியைப் பெட்டியில் போட்டு எண்ணியபோது, நிலையானதே என்று முடிவு மாறிவிட்டது! ஹாரிங்டன் முன்னால் வாயால் ஆமோதித்தவர்களில் சிலர், கை மறைந்ததும் தம் மனத்தில் இருந்ததைச் சொல்லிவிட்டார்கள் என்றே நான் கருதுகிறேன். மறைவாக்கு ஏன் வேண்டும் என்பதற்கு, அதை வலியுறுத்தியவரின் தோல்வியே சான்றாக நிற்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை. கேள்வி கேட்ட நண்பர் இதை ஒருமுறை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

குறையும் உண்டு. தம் பதவியைத் தாமே காலி செய்யச் சொல்லும் திட்டத்தை நாடாளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் வெறுத்தார்கள். ஹென்றி நெவில் போன்ற வெகுசிலரே துணைநின்றார்கள். கையில் அதிகாரம் உள்ளவர்களை இணங்கவைக்கும் வழியை ரோட்டா தேடவே இல்லை. படைத்தலைவர் மங்க் பிப்ரவரியில் லண்டனுக்குள் நுழைந்ததும் முடியாட்சிக்குக் கதவு திறந்தது. 20ஆம் தேதிக் கூட்டம் களையிழந்து கலைந்தது, இனி கூடுவார்கள் என்று தோன்றவில்லை எனப் பெப்பீஸ் குறித்தார். இரண்டாம் சார்லஸ் மே மாதம் திரும்பினார். 1661இல் ஹாரிங்டன் கைதாகி லண்டன் டவரில் அடைக்கப்பட்டார். பிறகு உடலும் மனமும் அவருக்குத் தேறவே இல்லை.

அந்த மேசையில் சோதித்துப் பார்த்த மறைவாக்கு, பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சட்டமாக வந்தது 1872இல்தான். அதுவரை, குத்தகைக்காரன் யாருக்கு வாக்களித்தான் என்பது நிலக்கிழாருக்குத் தெரிந்தே இருந்தது.