பல் டாக்டர் முகத்துக்கும் ஊசி போடுகிறேன் என்கிறார், போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. வங்கியில் வேலை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்று கணவர் சொல்லிக்கொண்டே இருப்பார், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதமாகக் காலையில் எழுந்தால் தாடை வலி, கன்னம் இறுகி வாயைத் திறக்கவே கஷ்டம். போன மாதம் கடைவாய்ப் பல்லில் போட்டிருந்த கேப் உடைந்துவிட்டது. எங்கள் குடும்பத்துக்கே பல வருடமாகப் பார்க்கும் பல் டாக்டர், தாடைத் தசையில் போடாக்ஸ் ஊசி போட்டால் சரியாகும் என்கிறார். கூடவே மூக்கிலிருந்து வாயோரம் வரை விழும் கோட்டை நிரப்ப ஃபில்லர் ஊசியும் போட்டுக்கொண்டால் இரண்டுக்கும் சேர்த்துக் குறைத்துத் தருகிறாராம். அடுத்த மாதம் அண்ணன் மகள் கல்யாணம், எனக்கும் ஆசைதான். "பல் டாக்டருக்கு மூஞ்சியில என்ன வேலை?" என்று கணவர் குதிக்கிறார். ஒரு வருடமாக மனச்சோர்வுக்கு எஸ்சிடாலோபிராம் மாத்திரை சாப்பிடுகிறேன், வேறு நோய் எதுவும் இல்லை. என்ன செய்யட்டும்?
பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு. பல் டாக்டருக்கு மூஞ்சியில் நிறையவே வேலை இருக்கிறது சார். தலை, கழுத்தின் நரம்பும் ரத்தக்குழாயும் எங்கெங்கே ஓடுகின்றன என்பது பி.டி.எஸ். முதல் வருடத்துப் பாடம். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்வதற்கு முன், தாடை எலும்பின் உட்பக்கம் நரம்பு இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்காமலே கணக்குப் பண்ணி ஊசியை இறக்குகிற கை அது. போடாக்ஸும் பியூட்டி பார்லரில் பிறந்த மருந்து இல்லை, 1989இல் அமெரிக்காவில் அதற்கு முதலில் அனுமதி கிடைத்தது மாறுகண்ணுக்கும் தானாக இறுக மூடிக்கொள்ளும் கண் இமைக்கும்தான். புருவ நடுச் சுருக்கத்துக்கு 2002இல்தான் அனுமதி வந்தது.

இனி உங்களுக்கு. அந்த டாக்டர் மேல் எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். வலிக்கு ஒரு ஊசி, கல்யாணத்துக்கு ஒரு ஊசி, இரண்டையும் சேர்த்து ஆடித் தள்ளுபடி மாதிரி ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டார். அதைப் பிரித்துவிடுங்கள், இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது.

தாடை விஷயம் முதலில். இரண்டு கையின் விரல்களையும் காது மடலுக்குக் கீழே கன்னத்தின் பின்பக்கம் வைத்துப் பல்லைக் கடியுங்கள், உருண்டையாக ஒன்று எழும்பும். அதுதான் மாசட்டர் தசை. அதன் கீழ்ப்பாதியில் சில இடங்களில் மருந்தைப் போடுவார்கள். நரம்பு தசைக்கு அனுப்பும் உத்தரவு அங்கே போய்ச் சேராது, சில நாளில் தசை தளர ஆரம்பிக்கும், முழுப் பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும், மூன்று நான்கு மாதத்தில் பழையபடி ஆகிவிடும். பலருக்கு வலி குறைகிறது, அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் தூக்கத்தில் கடிக்கச் சொல்வது மூளை, அது சொல்லிக்கொண்டேதான் இருக்கும், கடியின் வேகம்தான் குறையும். பல் கடிப்புக்காக இந்தத் தசைக்குப் போடுவது மருந்தின் அங்கீகரிக்கப்பட்ட உபயோகங்களில் இல்லை, டாக்டர்கள் தங்கள் அனுபவத்தில் போடுகிறார்கள். அது குற்றமில்லை, மருத்துவத்தில் சகஜம். ஆனால் உங்களிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஊசி கொஞ்சம் முன்னால் தள்ளி விழுந்தால் சிரிப்பை இழுக்கும் தசையும் தளர்ந்துபோய் வாய் ஒரு பக்கம் கோணும். அதை முறிக்க மருந்து கிடையாது, தானாகச் சரியாகும் வரை காத்திருக்க வேண்டியதுதான். கல்யாணத்துக்கு இருப்பது ஒரே மாதம், நூறு பேர் செல்ஃபி எடுக்கப்போகிற நாள். முதல்முறை ஊசிக்கு இதைவிட மோசமான நேரம் இல்லை. போதாக்குறைக்கு முதல் சில வாரம் மெல்லவே அலுப்பாக இருக்கும், சீர்வரிசைத் தட்டில் வரும் முறுக்கை வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்றைக் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எஸ்சிடாலோபிராம். அந்த வகை மாத்திரைகள் சிலருக்குப் பல் கடிப்பதைத் தூண்டிவிடும், ஏற்கெனவே இருந்தால் அதிகமாக்கும். உங்களுக்கு மாத்திரை ஒரு வருடமாக, தாடை வலி ஆறு மாதமாக. இதனால்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் தாடையில் ஊசி ஏற்றுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. பல் டாக்டரிடம் இந்த மாத்திரையைப் பற்றிச் சொன்னீர்களா? அவர் கேட்டாரா? மாத்திரை எழுதிக்கொடுத்தவரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள், அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்று அவர் முடிவு செய்யட்டும். இந்தப் பதிலைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு வம்பு, தலைசுற்றலும் பழைய சோர்வும் திரும்ப வரும்.

அப்புறம் நைட் கார்டு, அதாவது பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் உறை. உங்கள் டாக்டர் இதைப் பற்றி வாயே திறக்காதது எனக்கு ஆச்சரியம். பல்லுக்கு அளவு எடுத்து, கெட்டியான அக்ரிலிக்கில் செய்து தருவார்கள், ராத்திரி மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும். கடிக்கும் பழக்கத்தை இதுவும் நிறுத்தாது, ஆனால் நீங்கள் கடிப்பது கார்டை, பல்லை இல்லை. சில வாரம் கழித்து அதில் தேய்ந்த தடத்தைப் பார்த்தே எந்தப் பக்கம் அழுத்தம் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிடுவார். புதுக் கேப் போட்டுக்கொள்வீர்கள் இல்லையா, கார்டு இல்லாமல் போட்டால் அதுவும் உடையும். ஆன்லைனில் விற்கும் ரப்பர் மாதிரியான கார்டு வேண்டாம், சிலர் அதைச் சூயிங்கம் போல இன்னும் மென்றுகொண்டிருப்பார்கள். இத்தனையும் செய்து வலி நிற்கவில்லையென்றால், கல்யாணமெல்லாம் முடிந்த பிறகு, தாடை ஊசியை அவரிடமே போட்டுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஃபில்லருக்கு என் பதில் வேறு. அங்கே வேண்டாம்.

ஆசைப்பட்டதைத் தப்பு என்று சொல்லவில்லை. 43 வயதில் கல்யாண வீட்டுக்கு அழகாகப் போக வேண்டும் என்று நினைப்பதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் மூக்கோரக் கோட்டுக்குப் பக்கத்திலேயே முகத்தின் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, அதன் கிளைகள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு சேர்ந்திருக்கின்றன. ஃபில்லர் என்பது பெரும்பாலும் ஹயலுரானிக் அமில ஜெல். அது தவறிக் குழாய்க்குள் போய்விட்டால் அந்த இடத்துத் தோல் வெளுத்து, பிறகு நீலம் பாரித்து அழுகலாம், அபூர்வமாகப் பார்வையே போகலாம். ஜெல்லைக் கரைக்க ஹயலுரானிடேஸ் என்ற மருந்து உண்டு, ஆனால் அதை உடனே போட வேண்டும், மருந்தை வாங்கிவர ஆள் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. எங்கே போட்டுக்கொண்டாலும் "ஹயலுரானிடேஸ் இங்கே இருக்கிறதா, காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் போடாதீர்கள்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 1948ஆம் வருடத்துப் பல் மருத்துவர்கள் சட்டம் பல் மருத்துவம் என்று சொன்னது பல்லுக்கும் தாடைக்கும் செய்யும் சிகிச்சையை. தாடைத் தசை ஊசியை அதற்குள் சேர்த்துவிடலாம், கண்ணோரச் சுருக்கத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தோல் டாக்டர்களுக்கும் பல் டாக்டர்களுக்கும் இதில் பல வருடமாக வாய்க்கால் தகராறு. பி.டி.எஸ். முடித்து மூன்று வருடம் வாய், முக அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். படித்தவர் என்றால் கதை வேறு, விபத்தில் நொறுங்கிய முகத்தையே சேர்த்து வைப்பவர்கள் அவர்கள். ஆனால் இரண்டு நாள் வகுப்புக்குப் போய் 'ஃபேஷியல் எஸ்தெடிக்ஸ்' என்று சான்றிதழ் வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தால், அது வகுப்புக்குப் போனதற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். உங்கள் டாக்டர் எந்த ரகம் என்று எழுதவில்லை. அடுத்தமுறை போகும்போது சுவரைப் படியுங்கள்.

பின்னால் எப்போதாவது போடாக்ஸ் போட்டுக்கொண்டால், குப்பியை உங்கள் எதிரில் எடுக்கச் சொல்லி பிராண்டு பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் ஒன்றல்ல, "30 யூனிட் போட்டேன்" என்று மட்டும் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. பெரும்பாலான பிராண்டுகளை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும், மேசை டிராயரிலிருந்து எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். போட்ட சில நாளில் விழுங்கச் சிரமம், இரட்டையாகத் தெரிவது, குரல் குழறல், மூச்சு வாங்குதல் என்று எது வந்தாலும் பல் கிளினிக்குக்குப் போன் போட்டுக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டாக்டர் மனம் கோணுமே என்று தயங்காதீர்கள். "கார்டு போட்டுப் பார்க்கிறேன் டாக்டர், ஃபில்லர் வேண்டாம்" என்றால் போதும், காரணமெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. குதிக்கிற உங்கள் கணவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். பல் கடிப்பதோடு நீங்கள் குறட்டையும் விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறி மறுபடி வருகிறதா என்று நாலு ராத்திரி கவனிக்கட்டும். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் பல் கடிப்பும் சிலருக்குச் சேர்ந்தே வரும், அப்படி இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும், கணவரும் கூட வரட்டும், பார்த்ததை அவர்தானே சொல்ல முடியும்.