கண்ணகி நகர்க் கணக்கெடுப்பு: வருமானத்தை மிஞ்சும் செலவு

வணக்கம். சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரில் நீங்கள் கணக்கெடுத்த வீடுகளில் செலவு வருமானத்தை மிஞ்சுவதால், மக்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று ஐயப்படுகிறீர்கள். என் கணிப்பில் கோளாறு ‘மாத வருமானம்’ என்ற கேள்வியில்தான் இருக்கிறது. பெயின்டருக்கும் சித்தாளுக்கும் நாட்கூலிதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பல நாள் அதுவும் இராது. ஆகவே, சென்ற வாரம் எத்தனை நாள் வேலை கிடைத்தது, கூலி எவ்வளவு என்று சம்பாதிக்கும் ஒவ்வொருவரிடமும், குறிப்பாக அடுக்ககங்களில் வீட்டுவேலை செய்யும் பெண்களிடம் தனியாக, கேளுங்கள். இடைவெளியை நிரப்புவது பெரும்பாலும் தண்டல்: 10,000 ரூபாய்க் கடனில் வட்டியை முன்பே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் தந்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பார்கள். அதையும் மகளிர் குழுத் தவணையையும் நகை அடகையும் தனித்தனியே பதிவு செய்யுங்கள். போக்குவரத்துச் செலவை ஆண், பெண் எனப் பிரித்தே எழுத வேண்டும். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.