தெருமுனையில் வண்டிச் சத்தம்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. 70-க்குக் கீழே மார்க் வாங்கினால் பாடத்துக்கு 50 ரூபாய் அபராதம், ஒரு வாரம் செல்போன் கிடையாது என்று என் கணவர் சட்டம் போட்டிருக்கிறார். அடியும் விழும். முதல் மாதம் பயந்து படித்தான். இப்போது பாட்டியிடம் காசு வாங்கி உண்டியலில் போட்டுவிட்டுப் போய்விடுகிறான். தெருமுனையில் அப்பா வண்டிச் சத்தம் கேட்டால்தான் புத்தகம் கைக்கு வரும். தங்கை ஜன்னலில் நின்று சொல்லிவிடுவாள். தண்டனையை இன்னும் கடுமையாக்கினால் திருந்துவானா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மார்க்கை அப்புறம் பார்க்கலாம். ஜன்னலில் நிற்கிறாளே, அந்தப் பெண்ணுக்கு என்ன வயது? போகிற போக்கில் அரை வரியில் எழுதிவிட்டீர்கள். அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். ஓடிப்போய் டிபன் பையை வாங்க வேண்டிய பிள்ளை, அண்ணனுக்குத் துப்புக் கொடுக்கிறாள். இந்தக் காவல் வேலையை அவளுக்கு யார் கொடுத்தது? “இரு, அப்பா வரட்டும், சொல்றேன்” என்று பகல் முழுக்க மிரட்டியது யார்? கடிதத்தில் அந்த வாக்கியம் இல்லை. ஆனாலும் எனக்குக் கேட்கிறது. கட்டின புருஷனைப் பூச்சாண்டியாக்கிவிட்டீர்கள் அம்மா. அவரும் சந்தோஷமாக அந்த வேஷத்தைக் கட்டிக்கொண்டார்.

மகன் கற்றுக்கொள்ளவில்லை என்று யார் சொன்னது? தெருவில் போகிற இத்தனை வண்டிகளில் அப்பா வண்டி எது என்று அந்த வீடே கற்றுவைத்திருக்கிறது. 1938-லேயே அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் இதை எலிகளிடம் பார்த்துவிட்டார். நெம்புகோலை அழுத்தித் தீனி வாங்கிப் பழகிய எலிகளுக்குத் தீனியை நிறுத்தினார். அவற்றில் சிலவற்றுக்கு மட்டும், முதலில் கொஞ்ச நேரம், அழுத்தும்போதெல்லாம் காலில் ஒரு தட்டு விழுந்தது. தட்டு வாங்கியவை ஒதுங்கித்தான் போயின. தட்டு நின்றதும் விட்டதையெல்லாம் பிடித்துவிட்டன. கடைசியில் இரு கூட்டமும் அழுத்தியது ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. உங்கள் “முதல் மாதம்” அதுதான்.

அபராதக் கதை இன்னும் மோசம். இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வு 2000-ல் வெளியானது. பிள்ளையைக் கூட்டிப்போக 10 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் 10 ஷெக்கல் (அந்த நாட்டுப் பணம்) அபராதம் என்றார்கள். தாமதம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது! டீச்சர் காத்திருப்பாரே என்ற கூச்சம் போய், அதான் காசு கட்டுகிறோமே என்ற தைரியம் வந்துவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் அந்தக் கூச்சம் திரும்பவில்லை. உங்கள் வீட்டிலும் 50 ரூபாய் என்பது படிக்காமல் இருப்பதற்கான கட்டணம். அதையும் பாட்டி கட்டுகிறார்.

தப்புக்கு விளைவே கூடாது என்கிற ஆள் இல்லை நான். செல்போனை உடைத்தால் புதுசு வாங்கித் தராதீர்கள். ஆனால் எந்தப் பாடத்தில் மார்க் குறைகிறது என்று நீங்கள் எழுதவே இல்லையே! தெரியுமா உங்களுக்கு? உங்கள் கணவருக்கு? பெற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுவது கடமை. உண்டியல் வைப்பது சோம்பேறித்தனம், அவ்வளவுதான்.

அடி இன்றோடு நிற்கட்டும். தினமும் அரைமணி நேரம், கணக்கோ அறிவியலோ, அவர் அவனோடு உட்காரட்டும். தனக்குப் புரியவில்லை என்றால் அதையும் அவனிடமே சொல்லட்டும், கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டால் நீங்களே சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய் நில்லுங்கள்.

உண்டியலை உடைத்துப் பாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். அது அவர் பணம்.