ஒரே உலோகம் ஒரு பரப்பில் சமமாகப் படிகிறது, இன்னொன்றில் மேடுகட்டுகிறதே, ஏன்?

இங்கே மெல்லிய உலோகப் படலம் என்பது சில அணுக்களே தடிமனுள்ள போர்வை. வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கி, படிகப் பரப்பின் மேல் படியவிடுவார்கள்.

வந்து விழும் அணு கீழே இருப்பவற்றோடு ஒட்டுமா, தன் இனத்தோடு சேருமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் பரவுகிறது. தாமரை இலையில் திரண்டு உருள்கிறது. கிட்டத்தட்ட அதே கதை. திட உலோகத்தில் கூடுதலாக ஒரு சிக்கல்: அணு இடைவெளி. படிக அலகின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு கட்டத்தின்) பக்க அளவு வெள்ளிக்கு 4.09, தங்கத்துக்கு 4.08 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), பொருத்தம் எளிது. செம்புக்கோ 3.61, ஈயத்துக்கு 4.95. செம்பின் அணுக்கள் நெருக்கமாக அடுக்கிய முகத்தில் ஈயம் முதல் அடுக்கை ஒழுங்காக விரித்துவிட்டு, பிறகு தீவு தீவாக எழும்புகிறது.

படிகத்தை வெட்டிய கோணமும் முக்கியம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஒரு முகத்தில் அணுக்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். இன்னொன்றில் உழவுச்சால் போலப் பள்ளங்கள் ஓடும். சாலோடு அணு எளிதில் நகரும், குறுக்கே தாண்டுவது கடினம். அதனால் நீள நீளமான தீவுகள் உருவாகும்.

அதே உலோகத்தின் மேல் அதே உலோகம் என்றால் வழவழப்பாகத்தான் வளரும் என்று பலர் நினைப்பது தவறு: அறை வெப்பநிலையில் வெள்ளியின் நெருக்கமான முகத்தில் வெள்ளியே குன்றுகளாக வளர்கிறது, ஏனெனில் மேல்தட்டின் விளிம்பிலிருந்து கீழே இறங்க அணுக்களுக்குத் தடை உண்டு.