தலைவலி என்று சொன்ன அரசி

கேள்வி: இலக்கியத்தில் கெட்டவர்கள் பொய் சொல்வது புரிகிறது. நல்லவர்களும் ஏன் சொல்கிறார்கள்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையைப் பிரித்துப் பாருங்கள். அந்த ஒரே காதையில் மூன்று பொய்கள் இருக்கின்றன. கெட்டவன் ஒருவன்தான்.

பொற்கொல்லன் கதை தெரிந்ததே. அரசியின் சிலம்பைத் திருடியவனே அவன். பழியைக் கோவலன் தலையில் கட்டுகிறான். கோவலனைப் பார்த்த காவலர்கள், 'இவன் கொலைக்குரிய ஆளாகத் தெரியவில்லையே' என்று தயங்குகிறார்கள். உடனே கொல்லன் பாடம் நடத்தத் தொடங்கிவிடுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்குத் துணையானவை எட்டாம்! ஒவ்வொன்றுக்கும் விளக்கம் வேறு. நகை செய்கிறவனுக்கு இந்தத் தொழிலில் இத்தனை ஞானம் எங்கிருந்து வந்தது என்று ஒரு காவலனாவது கேட்டிருக்கலாம்.

நான் 31 ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன். உண்மையிலேயே காய்ச்சலில் படுத்த பையனின் விடுப்புக் கடிதத்தில் 'காய்ச்சல்' என்ற ஒரு சொல்தான் இருக்கும். சினிமாவுக்குப் போனவன்தான் 102 டிகிரி என்று எழுதுவான். பாட்டி வைத்த கஷாயத்தில் எத்தனை மிளகு என்பது வரை எழுதுவான்.

அடுத்தது அரசி. ஆடல் மகளிரிடம் பாண்டியன் உள்ளத்தைப் பறிகொடுத்துவிட்டான் என்று அவளுக்கு ஊடல். அதை மறைத்து, 'தலைநோய் வருத்தம் தன்மேல் இட்டு' எழுந்து போய்விடுகிறாள். தலைவலி! என் வீட்டிலும் பலமுறை கேட்ட காரணம்தான். அவளைத் தேடி அந்தப்புரம் போகிற அரசனைத்தான் கொல்லன் வாயிலில் பிடிக்கிறான். அரசன் 'தேரான் ஆகி', அதாவது ஆராய்ந்து பார்க்காமல், ஆணையிடுகிறான்.

மூன்றாவது கண்ணகி. கோவலன் பிரிந்திருந்த நாள்களில் மாமன் மாமி அவளை அன்போடு பாராட்ட, நோயை உள்ளே ஒளித்து அவள் சிரித்திருக்கிறாள். அதை அவளே 'வாயல் முறுவல்' என்கிறாள், அதாவது மெய்யில்லாத சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கண்டுதான் அவர்கள் உள்ளம் வருந்தினார்களாம். மதுரையில் கணவனுக்குச் சோறிட்டு, வெற்றிலை பாக்கும் கொடுத்த பிறகு இதைச் சொல்கிறாள். அரசி மறைத்ததும் இவள் மறைத்ததும் ஒரே வலி என்பதைக் கவனித்தீர்களா?

கேள்வி: அப்படியானால் மாதவி?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: அவள் ஏமாற்றவில்லை. கடற்கரையில் முதலில் பாடியவன் கோவலன். அவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று ஊடி, யாழை வாங்கி, 'தானும் ஓர் குறிப்பினள் போல்', அதாவது தன் மனத்திலும் வேறொருவன் இருப்பதுபோல், அவளும் பாடுகிறாள். இளங்கோ போட்ட அந்தப் 'போல்' கோவலன் காதில் விழவில்லை. 'மாயப்பொய் பல கூட்டும் மாயத்தாள்' என்று எழுந்து போய்விட்டான். பாட்டில் வரும் 'நான்' பாடுகிறவரேதான் என்று எனக்குக் கடிதம் எழுதும் அன்பர்களுக்கு அவன்தான் முன்னோடி.