பாம்பன் கரையில் கிடக்கும் சிப்பி பதிந்த பாறை பவளமா, மணற்கல்லா?

பாம்பன் கரையில் மணலும் சிப்பியும் இறுகிப் பலகை பலகையாகக் கிடக்கிறதே, அது பவளப்பாறையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை, அது கடற்கரை மணற்கல். பவளம் என்றால் உடைந்த முகத்தில் நட்சத்திர வடிவச் சின்னக் குழிகள் வரிசையாகத் தெரியும். பாம்பன் தீவில் கடலுக்கு மேலெழுந்த பழைய பவளத்திட்டும் உண்டு என்பதால் இந்தக் குழப்பம் நியாயமானதுதான்.

கல்லை லென்ஸில் பாருங்கள். நிறமில்லாமல் பளபளப்பவை குவார்ட்ஸ் மணிகள். உள்நாட்டுப் பாறைகள் சிதைந்து, ஆறும் கடல் நீரோட்டமும் கொண்டுவந்து சேர்த்தவை. வெள்ளைத் துணுக்குகள் சிப்பியும் பவளத் தூளும். இவற்றை ஒட்டவைத்த பசைதான் சுவாரசியம்: அலை ஏறி இறங்கும் இடத்தில், மணலுக்குள் தங்கும் நீரிலிருந்து கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு, படிந்து மணிகளைப் பிணைக்கிறது. வெப்பமான கடற்கரையில் இதற்குச் சில பத்தாண்டுகளே போதும்.

சுண்ணாம்பு எவ்வளவு என்று அறிய வேண்டுமா? சரி, தூளாக்கி எடைபோட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரை அடங்கும்வரை வையுங்கள். மிஞ்சும் மணலைக் கழுவி உலர்த்தி மறுபடி எடைபோட்டால், இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏறக்குறைய சுண்ணாம்பு. இதை வீட்டில் வேண்டாம், கல்லூரி ஆய்வகத்தில் செய்யுங்கள். அப்புறம், பவளத்தை எடுப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திரக் குழி தெரிந்தால் படம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.