பட்டறைக் கேள்விகள்: கிரிட் வரை வராத கார்

கேள்வி: செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்குக்கு ஏன் 'கரி' என்று பெயர்?
(வாசகி, வேலந்தாவளம்)

எஸ். கரிவரதன் நினைவாக வைத்த பெயர் அம்மா. மாருதி 800 இன்ஜினைப் பூட்டிய ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கோவையில் செய்துகாட்டியவர். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். வாளையாருக்கு இந்தப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் எங்களுக்கெல்லாம் அவர்மீது தனி மரியாதை உண்டு.

கேள்வி: 2010-ல் ஃபார்முலா 1-க்கு அனுமதி கிடைத்தும் ஒரு ரேஸில்கூட ஓடாத 'யூ.எஸ். எஃப்1' அணிக்கு என்ன ஆனது? பணம் இல்லையா, திறமை இல்லையா?
(இன்ஜினீயரிங் மாணவர், பாலக்காடு சித்தூர்)

திறமை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை தம்பி. அணியைத் தொடங்கிய கென் ஆண்டர்சன் நல்ல இன்ஜினீயர். கூட்டாளி பீட்டர் வின்ட்சர் ஃபார்முலா 1 உலகத்திலேயே வாழ்ந்தவர். பணம் போட யூடியூபை உருவாக்கியவர்களில் ஒருவரான சாட் ஹர்லி வந்தார். பணத்தட்டுப்பாடு இருந்தது உண்மைதான். ஆனால் அவர்களிடம் நிஜமாகவே தீர்ந்துபோனது நாள்.

2009 ஜூனில் அனுமதி. 2010 மார்ச் 14-ல் பஹ்ரைனில் முதல் ரேஸ். நடுவில் ஒன்பது மாதம். அதற்குள் அமெரிக்காவின் சார்லட் நகரிலேயே காரை முழுசாகத் தாங்களே செய்யப் பார்த்தார்கள். சேஸிஸ், அதாவது காரின் உடற்கூடு, மோதல் சோதனையில் தேறாமல் டிராக்கில் இறங்க முடியாது. பிப்ரவரியில் முதல் நாலு ரேஸுக்கு விலக்குக் கேட்டார்கள். மார்ச் தொடக்கத்தில் கதை முடிந்தது.

அதே வருஷம் வந்த இன்னொரு புது அணி ஹிஸ்பானியாவைப் பார். சேஸிஸை இத்தாலியின் டல்லாராவிடம் செய்யக் கொடுத்திருந்தார்கள். அங்கேயும் காசு நெருக்கடிதான். நம் சென்னை கருண் சந்தோக் பயிற்சி ஓட்டம் எதுவும் இல்லாமல், பஹ்ரைனில் நேராகத் தகுதிச் சுற்றில்தான் அந்தக் காரை முதன்முதலில் ஓட்டினார். ஆனாலும் கார் கிரிட்டில், ரேஸ் தொடங்கும் வரிசையில், நின்றது. அடுத்த ரேஸில், மெல்போர்னில், 14-வது இடம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது மட்டும் இல்லை. 2004 வாக்கில் நாங்கள் நாலு பேர் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கார் கட்டினோம். பழைய மாருதி இன்ஜின், ஃப்ரேம் எங்கள் கை வெல்டிங். சக்கரத்தை ஃப்ரேமோடு இணைக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் மட்டும் வெளியே ஒரு பட்டறையில் கொடுத்திருந்தோம். 'செவ்வாய்க்கிழமை வாங்க' என்று மூன்று செவ்வாய் போனது. கடைசியில் வந்ததை மாட்டினால் இடது கீழ் ஆர்மில் போல்ட் ஏறவில்லை. வெர்னியர் வைத்துப் பார்த்தேன், எட்டு மில்லி குறைச்சல். மறுநாள் காலையில் ஸ்க்ரூட்டினி, ரேஸுக்கு முன் காரைப் பார்க்கும் சோதனை. அன்று ராத்திரி யாரும் வீட்டுக்குப் போகவில்லை, காரும் ரேஸுக்குப் போகவில்லை.

அதனால்தான் அந்த அமெரிக்க அணியைப் பற்றி யோசித்தால் எனக்கு முதலில் ஓட்டுநர்தான் நினைவுக்கு வருகிறார். அர்ஜென்டினாக்காரர் ஹோசே மரியா லோபெஸ். ஜனவரியில் ஒப்பந்தம் போட்டார், மார்ச்சில் உட்கார கார் இல்லை. ஃபார்முலா 1 ரேஸ் ஓட்டும் வாய்ப்பு அவருக்கு அப்புறம் வரவே இல்லை. ஆனால் மனிதர் துவண்டுவிடவில்லை. 2014, 15, 16 மூன்று வருஷமும் உலக டூரிங் கார் சாம்பியன். 2021-ல் டொயோட்டா அணியோடு லெ மான் 24 மணி நேர ரேஸையும் ஜெயித்தார்.

எங்கள் ஃப்ரேம் இன்னும் பட்டறைச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது. அந்த ஆர்மும் இருக்கிறது. கல்லூரி லீவில் வா, இறக்கிக் காட்டுகிறேன்.